ஆடிக்காற்றும் என் காரின் ஸ்டியரிங் பெட்டியும்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் வண்டியைத் திருப்பும்போதுதான் முதல் தடவை அது நடந்தது. பாதித் திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, ஏசி ஓடுகிறது, பாட்டு பாடுகிறது, மீட்டரில் மட்டும் மஞ்சளாக ஒரு ஸ்டியரிங் படம் எரிகிறது. பின்னால் கோழித்தீவன லோடு ஏற்றிய டெம்போ ஹாரனில் கை வைத்தபடியே நிற்க, இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பி எப்படியோ ஓரங்கட்டினேன். சாவியை அணைத்து மறுபடி போட்டதும் விளக்கு போய்விட்டது, ஸ்டியரிங்கும் ஒற்றை விரலில் சுழன்றது. சரி, ஏதோ நேரம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், வண்டி நம்பரும் கே.எல். 70தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால் மலையாளம். மாமியார் வீடு பொள்ளாச்சி, வேலை கோயம்புத்தூரில், பம்ப்செட்டுக்கு கண்ட்ரோல் பேனல் கட்டுகிற ஒரு சின்ன கம்பெனியில். என்ன வேலை செய்கிறேன் என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் என் மானம் போவது அதனால்தான்.

இரண்டாவது தடவை நடந்தபோது வண்டியை ஓட்டியது என் மனைவி. பள்ளிக்கூட வாசலில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது பாரமாகிவிட்டது. போன் வந்தது. “என்னங்க, ஸ்டியரிங் லாக் ஆயிருச்சு, அசையவே மாட்டேங்குது.” லாக் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் முதல் நாளிலிருந்தே பவர் ஸ்டியரிங்கில் ஓட்டப் பழகியவர்களுக்கு அது லாக் ஆன மாதிரிதான் இருக்கும். நானெல்லாம் பவர் ஸ்டியரிங் இல்லாத மாருதி 800இல் ஓட்டிப் பழகியவன், தோள்பட்டை பலத்தில்தான் வண்டி திரும்பும் என்று நம்பி வளர்ந்தவன். அன்றைக்கு ராத்திரி வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் ஆன் செய்து, அவளைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பாரமாக இருக்கும், ஆனால் திரும்பும். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரை இரும்பு ராடு அப்படியேதான் இருக்கிறது, மோட்டார் அதற்கு ஒத்தாசை மட்டும்தான். உங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது என்றால் இன்றைக்கே ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள். நடுரோட்டில் பதறி ஸ்டியரிங்கை விட்டுவிடுவதுதான் ஆபத்து.

அப்புறம் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். எந்த ஒர்க்‌ஷாப் என்பது வேண்டாம். ஸ்டியரிங் காலம், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து கீழே இறங்குகிற தண்டு, மொத்தமாக மாற்ற வேண்டும், மோட்டார், சென்சார், மோட்டாரை ஆட்டிவைக்கிற கண்ட்ரோல் பெட்டி எல்லாம் ஒரே செட், 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். பெட்டி மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டதற்கு, தனியாக வராது சார் என்று பதில். என் வண்டியில் பெட்டி தனியாகத்தான் இருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே, டிரைவர் முட்டிக்கு மேலே, இரண்டு 10ஆம் நம்பர் நட்டில் தொங்குகிறது. குனிந்து பார்த்தால் தெரியும். அங்கேதான் இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று வீம்பு வந்தது.

இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ராடின் நடுவில் இருக்கிற ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி மயிரிழை அளவு முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கியது, எந்தப் பக்கம் என்பதை டார்க் சென்சார் அளந்து சொல்லும். பல வண்டிகளில் அது இரண்டு சிக்னலாக வரும், கையை எடுத்திருந்தால் இரண்டும் 2.5 வோல்ட்டில் நிற்கும், வலப்பக்கம் திருப்பினால் ஒன்று ஏறி மற்றது இறங்கும், இடப்பக்கம் திருப்பினால் தலைகீழ். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் பெட்டி யாரையும் நம்பாமல் ஒதுங்கிக்கொள்ளும். கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து வண்டியின் வேகம், எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்ற தகவல், இதெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் விட வேண்டும் என்று பெட்டி முடிவு செய்யும். மோட்டார் ஒரு புழு கியரைச் சுழற்றி ராடைத் தள்ளிவிடும். நேர்ரோட்டில் ஓரிரு ஆம்பியரில் வேலை முடிந்துவிடும். நின்ற இடத்தில் முழு லாக் வரை, அதாவது ஒரு பக்கம் கடைசி வரை, திருப்பினால் 40 ஆம்பியர்கூடப் போகும். எங்கள் ஊர் அரை ஹெச்பி பம்ப் முழு லோடில் வீட்டு லைனிலிருந்து இழுப்பது நாலைந்து ஆம்பியர்தான். 12 வோல்ட்டில் வேலை வாங்கினால் ஆம்பியர் இப்படித்தான் எகிறும்.

இந்த மின்சார வித்தை முதலில் பெரிய கார்களுக்காக வந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. 1988இல் ஜப்பானில் சுசூகி செர்வோ என்ற குட்டிக் காரில்தான் முதலில் வந்தது. பழைய ரக பவர் ஸ்டியரிங் மாதிரி ஆயில் பம்பைப் பெல்ட் போட்டு எந்நேரமும் ஓட்டினால் சின்ன எஞ்சினுக்குத் தாங்காது, மோட்டார் என்றால் திருப்பும்போது மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும். சின்ன வண்டிக்காரனின் கஷ்டத்தில் பிறந்த சாமான் என்பதில் எனக்கொரு பிரியம் உண்டு.

கதைக்கு வருவோம். என்னிடம் இருந்த 400 ரூபாய் புளூடூத் ஸ்கேனர் எஞ்சினின் ஃபால்ட் கோடுகளை, அதாவது கோளாறு எண்களை, மட்டும்தான் படிக்கும், ஸ்டியரிங் பெட்டியோடு பேசத் தெரியாது. சித்தூரில் வயரிங் வேலை செய்கிற ஒரு ஆசானிடம் நல்ல ஸ்கேனர் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மெக்கானிக் பட்டறையின் மூத்தவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு ஆசான் இல்லை, அவருடைய பையன் இருந்தான். மாட்டிப் பார்த்தான். சி என்று தொடங்கும் ஒரு கோடு, கூடவே ‘கண்ட்ரோல் யூனிட் பவர் சப்ளை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நான் அதைப் படித்த லட்சணம்: பெட்டிக்குள் இருக்கிற சப்ளை சர்க்யூட் போய்விட்டது. பேட்டரியை அளந்தேன், 12.6 வோல்ட். ஸ்டியரிங்குக்கென்று தனியாக இருக்கும் 60 ஆம்பியர் ஃப்யூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. வெளியே எல்லாம் சரி, ஆகவே பெட்டிதான் திருடன் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

எப்படியும் மாற்றப் போகிறோம், கொஞ்சம் நல்லதாகப் போட்டால் என்ன என்ற ஆசை அங்கேதான் முளைத்தது. காரணம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நிற்க, எங்கள் பக்கத்தில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்து கிடக்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. வாளையாறு சாலை கிழக்கு மேற்காகப் போவதால் அங்கே காற்று முகத்தில் அடிக்கும் அல்லது முதுகில் தள்ளும், அவ்வளவுதான். பொள்ளாச்சி கோவை சாலை அப்படியில்லை, அது வடக்கு தெற்காகப் போகிறது. ஆடி மாதம் கிணத்துக்கடவு பக்கம் 80, 90இல் போனால் மேற்கிலிருந்து விலாவில் குத்தும். ஒரு லாரியை முந்தும்போது காற்று சட்டென்று நின்றுபோகும், லாரியைத் தாண்டியதும் மறுபடி ஒரு அறை. அந்த நேரத்தில் என் வண்டியின் ஸ்டியரிங் கையில் பாரமே இல்லாமல் மிதக்கும். கொஞ்சம் திருத்தினால் அதிகமாகப் போய்விடும், திரும்ப இந்தப் பக்கம் திருத்த வேண்டும். வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை வேர்த்திருக்கும். ஷோரூமில் ‘ஒரே விரலில் திருப்பலாம் சார்’ என்று காட்டுவார்களே, அதை நான் இப்போது நம்புவதில்லை. ஒரு விரலில் திரும்ப வேண்டியது பார்க்கிங்கில் மட்டும்தான்.

என் மாடலிலேயே மூன்று வருஷம் கழித்து வந்த வண்டியில் இதைத் திருத்தியிருந்தார்கள். சக ஊழியர் ஒருவரிடம் அது இருக்கிறது, ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதே மோட்டார், அதே சென்சார், பெட்டிக்குள் இருக்கிற கணக்கு மட்டும் வேறு. வேகம் ஏற ஏற ஒத்தாசையைக் குறைத்துக்கொள்கிறது, வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவர மோட்டாரே லேசாக உதவுகிறது. பார்ட் நம்பரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மாறியிருந்தது.

உக்கடத்தில் பழைய ஸ்பேர் கடைகள் இருக்கிற தெருவுக்கு இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். முதல் கடையில் கொடுத்த பெட்டி பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுதான், விலையும் படிந்துவிட்டது. கையில் வாங்கியபின் வயர் சொருகுகிற சின்ன கப்ளரில் இருக்கிற பின்களை எண்ணினால் எண்ணிக்கை வேறு. அது அதற்கும் பிந்திய மாடல், வேகத் தகவலைத் தனி வயரில் வாங்காமல், வண்டியின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற கேன் லைனில் வாங்குகிற ரகம். என் வண்டியில் ஸ்டியரிங் பக்கம் கேன் லைனே வரவில்லை. மாட்டியிருந்தால், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத பெட்டியோடு ஊர் போயிருப்பேன். இங்கிலாந்தில் பழைய கார்களுக்கு வாக்ஸ்ஹால் கோர்சாவின் மின்சார ஸ்டியரிங்கை எடுத்துப் பொருத்துகிற கூட்டம் ஒன்று உண்டு. தகவல் எதுவும் வராவிட்டால் அந்தப் பெட்டி ஒரு நிலையான அளவு ஒத்தாசையோடு ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டு, தனியாக ஒரு திருகு பட்டன் வைத்துப் பாரத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். குழந்தையை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி போகிற வண்டியில் நான் செய்ய மாட்டேன். அதோடு நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கிறது, கேரளத்தில் ஆல்டரேஷன் விஷயத்தில் சும்மா விடவும் மாட்டார்கள். அதே மாடலுக்கு அதே கம்பெனி செய்த பெட்டி என்பதோடு என் ஆசையை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை சரியான நம்பர் கிடைத்தது. 3,500 ரூபாய். கப்ளர் மூன்று: மோட்டாருக்குப் போகிற தடித்த இரண்டு வயர், சப்ளையும் எர்த்தும் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற பாதை) வருகிற தடித்த இரண்டு வயர், சிக்னலுக்குச் சின்னது.

மாட்டும் வேலை பெரிய வித்தையில்லை. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு உள்ளே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். டீ ஆசைக்கு இல்லை, ஏர்பேக் சர்க்யூட்டில் தேங்கியிருக்கிற சார்ஜ் இறங்க நேரம் கொடுக்க வேண்டும். மஞ்சள் கப்ளர் எதையும் தொடவில்லை, ஸ்டியரிங் வீலையும் கழற்றவில்லை. கீழ்ப்பக்கத் தட்டைக் கழற்றி, தலையைப் பெடலுக்குள் விட்டு மல்லாந்து படுத்து, கப்ளர் ஒவ்வொன்றையும் லாக் அழுத்திப் பிடுங்குவதற்குள் கழுத்து போய்விட்டது. கழற்றுவதற்கு முன் போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டது புண்ணியம். இரண்டு நட், பெட்டி கையில். புதுப்பெட்டியை அதே இடத்தில் ஏற்றி முறுக்கினேன்.

அதற்கப்புறம்தான் பயப்பட வேண்டிய கட்டம். முன்பக்கம் இரண்டு சக்கரமும் தரையில் படாமல் ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, மனைவியையும் பையனையும் தள்ளி நிற்கச் சொல்லி, ஸ்டியரிங்குக்குள் கை விடாமல் எஞ்சினைப் போட்டேன். புதுப்பெட்டிக்கும் பழைய சென்சாருக்கும் நடு நிலை ஒத்துப்போகாவிட்டால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். கை உள்ளே இருந்தால் மணிக்கட்டு போய்விடும். ஒத்தாசை இல்லாத ஸ்டியரிங் வெறும் பாரம், தப்பான பக்கம் தள்ளுகிற ஸ்டியரிங்தான் எமன். சென்சார் வயரில் குண்டூசி வைத்து அளந்தேன், 2.51, 2.49. தானாக அசையவில்லை. இரண்டு பக்கமும் முழு லாக் வரை திருப்பினேன், விளக்கு இல்லை. ஆசான் பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப் போய், பையனிடம் சொல்லி ஸ்கேனரில் நடு நிலையைப் பதிய வைத்துக்கொண்டேன். ஸ்கேனர் இல்லாமல் இதை முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் அவர் வண்டியில் ஏறாதீர்கள்.

பதினொரு நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். கிணத்துக்கடவு காற்றில் வண்டி நேராகப் போனது. வேகத்தில் கைக்குப் பாரம் கிடைத்தது, திருத்தங்கள் பாதியாகக் குறைந்தன. கம்பெனியில் நாலு பேரிடம் பெருமை அடித்தேன். பன்னிரண்டாம் நாள் பொள்ளாச்சியில் மாமியார் வீட்டு முன்னால், எல்லோரும் பார்த்திருக்க, வண்டியைச் சந்துக்குள் திருப்பும்போது ஸ்டியரிங் கல். மஞ்சள் விளக்கு. அதே அணைத்துப் போடல், அதே சரியாதல்.

மறுநாள் ஆசானே இருந்தார். கதை முழுவதையும் கேட்டார், நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதெல்லாம் நடந்தது என்று மட்டும் கேட்டார். யோசித்துச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது: மூன்று தடவையும் மெதுவாக முழுசாகத் திருப்பும்போது, மூன்று தடவையும் ஏசி ஓடும்போது. ஹைவேயில் ஒரு தடவைகூட இல்லை. ஆசான் சிரித்தார். “ஆத்யம் எர்த் நோக்கணும் மோனே (முதலில் எர்த்தைப் பார்க்கணும் மகனே). நீ பேனல் கெட்டுற ஆள்தானே?”

பேனல் கட்டுகிற ஆள்தான். ஒவ்வொரு பேனலும் வெளியே போகும்முன் எர்த் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான்.

மீட்டரின் ஒரு முனையைப் பெட்டிக்கு வருகிற எர்த் வயரிலும் மறு முனையைப் பேட்டரி மைனஸிலும் வைக்கச் சொன்னார். சும்மா நிற்கும்போது ஒன்றும் காட்டவில்லை. அதனால்தான் நான் பேட்டரியை மட்டும் அளந்தபோது எல்லாம் நன்றாகத் தெரிந்தது. எஞ்சினைப் போட்டு, ஏசி போட்டு, நின்ற இடத்தில் முழு லாக் திருப்பினால் 1.9 வோல்ட். அந்த எர்த் பாதையில் மட்டும் கிட்டத்தட்ட 2 வோல்ட் தொலைகிறது. 40 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் 0.05 ஓம் தடை இருந்தால் கணக்கு சரியாக அங்கேதான் வரும், கிட்டத்தட்ட 80 வாட் சூடாக அந்த மூட்டிலேயே போகிறது. பெட்டிக்கு வோல்டேஜ் பத்தவில்லை, விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறது. ஸ்கேனர் முதல் நாளே ‘பவர் சப்ளை’ என்று எழுதிக் காட்டியதும் இதைத்தான்.

எர்த் போல்ட் இருந்தது இடப்பக்கம், முன்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்தில், தரைவிரிப்புக்குக் கீழே கதவோரம். விரிப்பைத் தூக்கினால் சொதசொத என்று ஈரம். ஏசித் தண்ணீர் வெளியே போகிற குழாயில் மண் அடைத்து, தண்ணீர் உள்பக்கமாக இறங்கி, போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் பழுப்புமாகப் பூத்திருந்தது. நான் பெட்டி மாற்றும்போது வயர் கட்டை இழுத்து ஆட்டியதில் மூட்டு கொஞ்சம் நன்றாகத் தொட்டிருக்கிறது, அதுதான் பதினொரு நாள் ராஜ்யம். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்து, வயர் முனையை மாற்றி, மேலே கிரீஸ் தடவி முறுக்கினோம். மறுபடி முழு லாக். 0.07 வோல்ட். ஏசிக் குழாயில் ஒரு பழைய ஆக்சிலரேட்டர் கேபிளை விட்டு ஆட்டியதும் அரை சொம்புத் தண்ணீர் கொட்டியது. ஆசான் வாங்கியது 300 ரூபாய், அதுவும் நான் வற்புறுத்திய பிறகு.

வீட்டுக்கு வந்து பழைய பெட்டியை எடுத்து மறுபடி மாட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஜாக்கி, சென்சார் அளவு, ஸ்கேனர் என்று முதலில் செய்த அத்தனையையும் மறுபடி செய்தேன். அது அருமையாக வேலை செய்தது, முழு லாக்கில் பத்து தடவை திருப்பியும் விளக்கு வரவில்லை. அதற்கு ஒரு குறையும் இருந்ததே இல்லை. 3,500 ரூபாய், இரண்டு சனிக்கிழமை, ஒரு கழுத்து வலி. ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன 38,000 ரூபாயைக் கொடுத்திருந்தாலும் அதே சந்தில் அதே கல்தான்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு பொள்ளாச்சி ரோட்டில் பழைய பெட்டியோடு போனபோது, லாரி தாண்டிய முதல் அறையிலேயே முடிவு செய்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே புதுப்பெட்டி திரும்ப ஏறிவிட்டது. காற்றுக்காக வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டால் கணக்கு நேராகிவிடுகிறது, மனைவி மட்டும் அதை ஒத்துக்கொள்வதில்லை.

பழைய பெட்டியை பாலிதீன் கவரில் சுற்றி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். மச்சான் வண்டியும் அதே மாடல். போன வாரம் கூப்பிட்டு, “மாமா, என் வண்டியிலயும் மஞ்சள் லைட் வருது, அந்தப் பழைய பெட்டியக் குடுத்துருங்க, காசு தந்துடுறேன்” என்றான். ஏசி போட்டுத் திருப்பும்போதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், உப்புத்தாளும் 10ஆம் நம்பர் ஸ்பேனரும் எடுத்து வைத்தாயிற்று.